ஐந்து கிலோ விலங்குக்கு ஒரு துப்பாக்கி

22-250 என்ற எண்ணை முதலில் கேட்டபோது அது ஏதோ திருகாணியின் அளவு என்றுதான் நினைத்தேன். தோட்டாவின் பெயராம். இதில் 22 என்பது குழலின் விட்டம், அங்குலத்தில் 0.22 என்று வைத்துக்கொள்ளலாம். 250 என்பது அந்தத் தோட்டா எதிலிருந்து பிறந்ததோ அதன் பெயர். 1915இல் வந்த 250 சாவேஜ் என்ற பெரிய தோட்டாவின் உறையை எடுத்து, கழுத்தை மட்டும் நெரித்து, சிறிய குண்டைச் செருகியிருக்கிறார்கள். சரி, அப்படியானால் 222 ரெமிங்டன் என்பதில் குண்டின் விட்டம் 0.222 அங்குலமா? இல்லை, 0.224. 223 ரெமிங்டனில்? அதுவும் 0.224. இரண்டிலும் ஒரே குண்டு, பெயர் மட்டும் வேறு. என்டியூவில் முதலாண்டு பொறியியல் வரைபடப் பாடத்தில் நான் இப்படிப் பெயர் வைத்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது 2023இல். நியூ சவுத் வேல்ஸின் மத்திய மேற்குப் பகுதியில், டப்போ நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, ஒரு சூரிய மின்நிலையத்தில் இன்வெர்ட்டர்களை இயக்கிப் பார்த்து ஒப்படைக்கிற வேலைக்காக நிறுவனம் என்னை எட்டு மாதம் அனுப்பியிருந்தது. நகரத்து விடுதி வேண்டாமென்று பக்கத்து ஆட்டுப் பண்ணையில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தேன். சூரியத் தகடுகளுக்குக் கீழே புல் வளர்ந்தால் நிழல் விழும், கோடையில் தீப்பிடிக்கும். அதனால் அங்கே ஆடுகளை விட்டு மேய்க்கிறார்கள். எங்கள் தகடுகளுக்குக் கீழே மேய்ந்தது என் வீட்டுக்காரரின் ஆடுகள்தான். ஒரு மெகாவாட் எண்ணுகிற இடத்தில் ஒரு மந்தையும் எண்ணப்படுவது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்காரருக்கு எழுபத்தைந்து வயது. முதல் நாள் "சார்" என்றேன். "சார் எல்லாம் பட்டாளத்தோட முடிஞ்சுது, மேட்" என்று தடுத்துவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என் தாத்தா வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வருமா? எட்டு மாதமும் அவரைக் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டேன். இங்கே பெரியவர் என்றே எழுதுகிறேன். அவர் பேசியது ஆங்கிலம்தான், என் காதில் விழுந்து தங்கியது இப்படி.

பண்ணையை நடத்துவது அவருடைய மகள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரியவரின் வலது கண்ணில் புரை. பழைய துப்பாக்கியின் குழல் தேய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு மாதமாகப் பேச்சு. "நீ இன்ஜினியர்தானே, கணக்குப் போட்டுச் சொல்லு" என்று என்னையும் உள்ளே இழுத்துவிட்டார்கள்.

நரியைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்தது பாட்டி வடை சுட்ட கதையில் வருவது மட்டும். நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் தேவார வகுப்பில் வந்தது. ஏதாவது அதிர்ஷ்டம் அடித்தால் "இன்னைக்கு நரி முகத்துல முழிச்சியா" என்று அம்மா கேட்பார். புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டில் நரி முகத்தில் விழிக்க வழியே இல்லை. தமிழில் நாம் நரி என்று சொல்வது பெரும்பாலும் ஊளையிடுகிற அந்த இந்திய நரியை. ஆஸ்திரேலியாவில் இருப்பது செந்நரி. அது அங்கே தானாக வந்ததல்ல. குதிரையேறி நாய்களோடு நரி துரத்துகிற விளையாட்டை விட்டுவர முடியாத ஆங்கிலேயர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். 1870களில் மெல்பர்ன் சுற்றுவட்டாரத்தில் காலூன்றியது. அவர்களே கொண்டுவந்து விட்டிருந்த முயல் முன்னால் ஓட, நரி பின்னால் ஓட, வடக்கின் வெப்பமண்டலப் பகுதி தவிர்த்துக் கண்டம் முழுவதும் பரவிவிட்டது. உள்ளூர்ச் சிறு விலங்குகள் பல அழிந்ததில் இதற்கும் காட்டுப்பூனைக்கும் பெரும் பங்கு உண்டு. கொண்டுவந்தவன் வாரிசு இப்போது சுடுகிறான். சுடப்படுவது ஐந்து கிலோ, மிஞ்சினால் ஏழெட்டு கிலோ எடையுள்ள ஒரு விலங்கு. நம் ஊர் புளோக்குக்குக் கீழே திரியும் பூனையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

குட்டி ஈனும் காலம் குளிர்காலத்தில். ஜூலையில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது பெரியவர் கொட்டகையிலிருந்து கையாட்டினார். மேசையில் ஒரு செத்த ஆட்டுக்குட்டி. நாக்கும் மூக்கின் ஒரு பகுதியும் இல்லை. "நரி" என்றேன் உடனே. "அவசரப்படாதே" என்றார். கத்தியை எடுத்துத் தோலை உரித்தார். குளம்பின் அடியைக் காட்டினார். பிறக்கும்போது அங்கே மெத்தென்று ஒரு சவ்வு இருக்கும், நடந்திருந்தால் தேய்ந்திருக்கும். தேய்ந்திருந்தது. நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார், மிதந்தது. மூச்சு விட்டிருக்கிறது. வயிற்றைத் திறந்தார், பால் இருந்தது. தாய் ஒதுக்கவில்லை, பசியால் சாகவில்லை. கடைசியாகக் கழுத்தில், பல் பதிந்த இடத்தில் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. செத்த பிறகு கடித்தால் ரத்தம் கட்டாது. "இப்போ சொல்லு, நரின்னு."

அந்த வாரம் அவர் திறந்து பார்த்த ஆறு குட்டிகளில் நரி கொன்றது இரண்டு. மற்றவை குளிரிலும் பசியிலும் செத்து, அப்புறம் நரி தின்றவை. அது அங்கே பொதுவான விஷயம்தானாம். பெரும்பாலான குட்டிகளைக் கொல்வது மழையும் காற்றும் தாயிடமிருந்து பிரிந்துபோவதும்தான். நரிமேல் பழி போடுவது சுலபம், ஏன்னா அது வாயில் ரத்தத்தோடு நிற்கிறது. இதெல்லாம் தெரிந்த ஒருவர் ஏன் இன்னும் துப்பாக்கி தேடுகிறார் என்று கேட்டேன். "ரெண்டு குட்டி ரெண்டு குட்டிதானே" என்றார்.

அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஐயோ, பாவம்டா." எதும்மா பாவம், குட்டியா நரியா? கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ரெண்டும்தான்."

சுடாமல் வேறு வழி இல்லையா என்று நானும் தேடிப் பார்த்தேன். உண்டு. 1080 என்ற நஞ்சை இறைச்சித் துண்டில் வைத்துப் புதைப்பது ஒன்று. சோடியம் ஃபுளூரோஅசிட்டேட். மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் இதே வகை நஞ்சு இயற்கையாகவே இருப்பதால் அங்கத்திய விலங்குகளுக்கு இதைத் தாங்கும் சக்தி உண்டு, வெளியிலிருந்து வந்த நரிக்கு இல்லை. யோசித்தால் மிக அழகான வேதியியல். ஆனால் நாய்க்கும் அந்தச் சக்தி இல்லை. பல பண்ணைகள் சேர்ந்து ஒரே நேரத்தில் வைத்தால் துப்பாக்கியைவிட இதுதான் பலன் தரும் என்று பெரியவரே ஒப்புக்கொள்வார். ஒரு நரியைச் சுட்டால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். ஆனால் அவருடைய கெல்பி நாய் ஒன்று பல வருடம் முன்பு எங்கிருந்தோ அந்தத் துண்டைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. அது செத்த விதத்தை அவர் சொல்லவில்லை. மகள் சொன்னார். நான் எழுதவில்லை.

காவல் நாய் இன்னொரு வழி. விக்டோரியாவில் வார்ணம்பூல் அருகே மிடில் ஐலண்ட் என்ற சிறு தீவில் நரிகள் குட்டிப் பென்குவின்களைத் தின்று பத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டபோது, 2006இல் மரெம்மா நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். பென்குவின்கள் மீண்டன. அதை வைத்து ஒரு படமே வந்தது. மகளுக்கும் மரெம்மா ஆசை இருக்கிறது. ஆனால் தகடுகளுக்குள் மின்நிலையத் தொழிலாளர்கள் வந்துபோகிற இடத்தில் அந்நியரைக் குரைத்து விரட்டுகிற நாயை விட எங்கள் நிறுவனமே சம்மதிக்காது. அந்த மின்னஞ்சலை எழுதியவன் நான்.

ஆக, துப்பாக்கி.

ஆஸ்திரேலியாவில் துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கும் என்று நம்மில் பலர் அமெரிக்காவோடு சேர்த்து நினைக்கிறோம். அப்படியில்லை. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு சட்டம் தலைகீழானது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்து வாங்கி நொறுக்கியது. துப்பாக்கி வேண்டுமென்றால் தகுந்த காரணம் சொல்ல வேண்டும், தற்காப்பு என்பது காரணமே அல்ல. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி. 22 எல்ஆர் போன்ற விளிம்பில் தட்டும் சிறு தோட்டாக்கள் ஏ பிரிவு, நடுவில் தட்டும் வலுவானவை பி பிரிவு. தானாக நிரப்பிக்கொள்ளும் ரகங்கள் சாதாரண ஆளுக்கு ஏறக்குறைய கிடையாது. ஒரு குண்டு சுட்டால் கையால் போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்ற வேண்டும். அதாவது முதல் குண்டு சரியாக இருக்க வேண்டும். தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எக்செல் தாளைத் திறந்தேன். நரியின் நெஞ்சில், சட்டென்று சாகக்கூடிய இடம் பத்து சென்டிமீட்டர் அகலம். தூரம், பெரியவர் கணக்கில், 50 மீட்டரிலிருந்து 200 வரை. 22 எல்ஆர் குண்டு 2.6 கிராம், நொடிக்கு 380 மீட்டர், ஆற்றல் 190 ஜூல். முயலுக்குப் போதும். நரிக்கு 50 மீட்டருக்குள், சுடுபவர் நல்ல கைக்காரராக இருந்தால் ஆகலாம். அதற்கு மேலே போனால் அடிபட்ட நரி புதருக்குள் ஓடி மூன்று நாள் கழித்துச் சாகும். இன்னொரு தொல்லை, இந்த மெதுவான ஈயக்குண்டு இறுகிய மண்ணில் பட்டால் உடையாது, எகிறும். பின்னால் இருப்பது எங்கள் தகடுகள். அந்த வரிசையில் நான் சிவப்பு வண்ணம் அடித்தேன்.

17 எச்எம்ஆர் 2002இல் வந்தது. ஒரு கிராமை ஒட்டிய குண்டு, நொடிக்கு 777 மீட்டர், 330 ஜூல். சத்தம் குறைவு, பட்ட இடத்தில் உடைந்துவிடும், எகிறாது. மகளுக்கு முதலில் இதில்தான் கண். ஆனால் காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றில் 150 மீட்டர் போவதற்குள் இந்தக் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் விலகிவிடும். அந்தச் சமவெளியில் காற்று நிற்பதே இல்லை, என் தலைக்கவசத்தைக் கேட்டால் தெரியும். அதே காற்றில் 223இன் 55 கிரெய்ன் குண்டு மூன்று நான்கு விரல்தான் விலகும். ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம். தானியமணி எடையில் குண்டை நிறுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

223: 3.56 கிராம், நொடிக்கு 988 மீட்டர், 1,740 ஜூல். 22 எல்ஆரைப் போல ஒன்பது மடங்கு. 200 மீட்டருக்குக் குறி வைத்துச் சரிசெய்தால் 100 மீட்டரில் நான்கைந்து சென்டிமீட்டர்தான் மேலே போகும். அதாவது 200க்குள் எங்கே நின்றாலும் நெஞ்சின் நடுவைப் பார்த்துச் சுட்டால் போதும், இருட்டில் கணக்குப் போட வேண்டியதில்லை. 22-250 இன்னும் வேகம், 2,240 ஜூல், 300 மீட்டருக்கும் கை நீளும். ஆனால் மருந்து அதிகம், சத்தம் அதிகம், குழல் சீக்கிரம் தேயும். 300 மீட்டரில் நரியைச் சுட வேண்டிய தேவை இந்தப் பண்ணையில் யாருக்கும் இல்லை. நரியே பக்கத்தில் வந்துவிடும், அதற்கு வேறு வித்தை இருக்கிறது.

என் தாளின்படி விடை 223. கடையில் எப்போதும் கிடைக்கும், விலையும் மற்ற நடுத்தட்டுத் தோட்டாக்களைவிடக் குறைவு. பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினேன். பெரியவர் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அவருடைய பழைய துப்பாக்கி செக்கோஸ்லோவாகியாவில் செய்த பிரனோ, 222 ரெமிங்டன். அதே தோட்டா வேண்டும் என்றார். அதன் கடைசி வரிசையையும் தாளில் சேர்த்தேன்: 3.24 கிராம், 957 மீட்டர், 1,480 ஜூல். நரிக்கு வித்தியாசம் தெரியாது. பிரச்சினை என்னவென்றால் 222 இப்போது கடைகளில் அருகிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று தேடப் போய்த்தான் நான் இதுவரை கேள்விப்படாத ஒரு வம்ச வரலாறு கிடைத்தது.

222ஐ 1950இல் ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் என்ற பொறியாளர் உருவாக்கினார். போருக்கு அல்ல. மேசையில் வைத்துத் துல்லியப் போட்டி சுடுகிறவர்களுக்கும், அமெரிக்கப் பண்ணைகளில் நிலக்கீரி, நரி போன்றவற்றைச் சுடுகிறவர்களுக்கும். இப்படிப்பட்ட பிராணிகளை அங்கே வார்மிண்ட் என்பார்கள். தொல்லை தரும் சிற்றுயிர் என்று பொருள், வையும்போது மனிதரையும் சொல்வதுண்டு. 1957இல் அமெரிக்க ராணுவம் ஓர் இலேசான துப்பாக்கி கேட்டது. நிபந்தனைகளில் ஒன்று, 500 கஜத்தில் எஃகுத் தலைக்கவசத்தைத் துளைக்க வேண்டும். 222ஆல் அது முடியவில்லை. உறையைக் கொஞ்சம் நீட்டி, மருந்தைக் கூட்டினார்கள். அதுதான் 223. ராணுவப் பெயர் 5.56 மில்லிமீட்டர். எம்16 துப்பாக்கியின் தோட்டா. ராணுவம் கோடிக்கணக்கில் செய்ததால் விலை இறங்கியது, பண்ணைக்காரர்களும் அதற்கே மாறினார்கள், மூத்தது தேய்ந்துபோனது.

நான் அந்த 5.56ஐச் சுட்டிருக்கிறேன். நம் ஊர்ப் பையன்கள் எல்லாரும் சுட்டிருக்கிறார்கள். பதினெட்டு முடிந்து தெக்கோங் தீவு, எஸ்ஏஆர் 21, படுத்துக்கொண்டு 300 மீட்டரில் எழுந்து நிற்கும் பச்சை அட்டை. அட்டையில் மனித உருவம். விழுந்தால் ஒரு மதிப்பெண். இரண்டு வருடத்தில் அந்த அட்டையைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசியதாக ஞாபகமில்லை. எத்தனை விழுந்தது என்று மட்டும் பேசினோம். சுட்டு முடித்ததும் வெற்று உறைகளைப் புல்லில் குனிந்து பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இருட்டும்வரை தேடல். நரிக்கென்று பிறந்த தோட்டாவின் பிள்ளை அது என்று எந்த சார்ஜண்டும் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

இதை இரவுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சுவாரசியத் தகவலாகச் சொன்னேன். பெரியவர் முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

அவர் 1948இல் பிறந்தவர். அன்றைக்கு ஆஸ்திரேலியாவில் இருபது வயதான ஆண்களின் பிறந்தநாட்களைச் சின்னக் கோலிகளில் எழுதிப் பீப்பாயில் போட்டுக் குலுக்கினார்கள். கோலி வெளியே வந்தால் இரண்டு வருடம் பட்டாளம். அவர் கோலி வந்தது. வியட்நாமில் ஃபுவோக் துய் மாகாணம். மற்றவர்களுக்கு நீளமான எஸ்எல்ஆர் துப்பாக்கி, 7.62. இவர் பிரிவில் முன்னால் நடந்து பார்க்கிற ஸ்கவுட். ஸ்கவுட்டுகளுக்கு எம்16. "அதே 55 கிரெய்ன்" என்றார். "அது என்ன செய்யும்னு உன் தாள் சரியாத்தான் சொல்லுது." திரும்பி வந்து அப்பாவின் பண்ணையை எடுத்தபோது 222 வாங்கியிருக்கிறார். ஐம்பது வருடம் அதைவிட்டு மாறவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நரித்தோலுக்கு நல்ல விலை இருந்தபோது ராத்திரி ராத்திரியாகச் சுட்டு வீட்டுக்கடன் அடைத்ததும் அந்தத் துப்பாக்கியில்தான்.

நான் என்ன சொல்வது? என் தாளில் அதற்கு ஒரு நிரல் இல்லை. பிரனோவுக்குப் புதுக் குழல் போடலாம், உறைகளை வாங்கி வீட்டிலேயே மருந்து நிரப்பிக்கொள்ளலாம், குண்டு ஒன்றேதான் என்று ஒரு மாற்று வழியைக் கணக்கிட்டு வைத்தேன். செலவு புதுத் துப்பாக்கிக்குக் கிட்ட வந்தது. ஆனாலும் அது நியாயமான தேர்வு என்றுதான் எனக்குப் பட்டது. இப்போதும் படுகிறது.

முடிவெடுத்தது மகள். "அப்பா, இனிமே சுடப்போறது நான். நிரப்பிக்கிட்டு உட்கார எனக்கு நேரமில்லை. 223." பெரியவர் அவரைப் பார்த்தார். "உனக்கு அது வெறும் நம்பர், இல்லையா?" "ஆமாம்." "நல்லது" என்று எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டார். கோபமா என்று எனக்குப் புரியவில்லை. டீ எல்லாருக்கும்தான் கொண்டுவந்தார்.

அனுமதி வந்து, துப்பாக்கி வந்து, ஆகஸ்டு கடைசியில் ஒரு ராத்திரி வண்டியில் போனோம். உரிமம் இல்லாத நான் துப்பாக்கியைத் தொடக்கூடாது. விளக்குப் பிடிக்கலாம். பெரியவர் வரவில்லை. முன்வாசல் நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வித்தை என்றேனே, அது ஒரு தகர விசில். மடித்த தகரத்தில் ஒரு துளை, பல்லுக்கும் நாக்குக்கும் இடையில் வைத்து உறிஞ்சினால் மாட்டிக்கொண்ட முயல் கத்துவது போலக் கேட்கும். மகள் ஊதினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கை மெல்லச் சுழற்றினேன். ஆட்டின் கண்கள் கூட்டமாகத் தெரிந்தன. அப்புறம் வேலிக்கு இந்தப் பக்கம் தனியாக இரண்டு புள்ளி. நகர்ந்தது, நின்றது, நேராக எங்களை நோக்கி ஓடிவந்தது. உதவிக்குக் கத்துகிற குரலை நோக்கி அவ்வளவு ஆவலாக ஓடிவரும் ஒன்றை நான் பார்த்ததில்லை. எண்பது மீட்டர் இருக்கும், நின்று உட்கார்ந்தது. நாய் மாதிரி. காதைத் திருப்பிக் கேட்டது.

மகள் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தார். தகடுகள் வலது பக்கம் தள்ளி இருந்தன, பின்னால் மண்மேடு. "ஆட்டாதே" என்றார் என்னிடம். நான் ஆட்டவில்லை. என் கை அசைந்தால் அது ஓடிவிடும், அல்லது குண்டு வயிற்றில் படும். இரண்டில் எது நடக்கும் என்று எனக்குச் சொல்ல முடியாது, அதனால் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். அந்தச் சத்தத்தை உடம்பு உடனே அடையாளம் கண்டுகொண்டது. தெக்கோங் சத்தம். புள்ளிகள் இரண்டும் ஒன்றாக அணைந்தன.

போய்ப் பார்த்தோம். பெண் நரி. ஓடியதற்கான சுவடே இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. மேல்தோல் நான் நினைத்ததைவிடச் சிவப்பு. கையில் தூக்கினால் கனமே இல்லை. பால் கட்டியிருக்கிறதா என்று மகள் வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஆகஸ்டு, செப்டம்பரில் நரியும் குட்டி போடும். இல்லை. "இன்னும் இல்லை" என்றார்.

வண்டிக்குத் திரும்பும்போது நான் குனிந்து புல்லில் துழாவிக்கொண்டிருந்தேன். "என்ன தேடுற?" வெற்று உறை. கிடைத்தது, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு வண்டியின் பின்தட்டில் இருந்த பழைய மைலோ டின்னைக் காட்டினார். அதற்குள் ஏற்கெனவே ஒரு கைப்பிடி கிடந்தன, எல்லாம் 222. இதை ஒன்று ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சாங்கியில் வெற்று உறைக்கும் அனுமதி வேண்டும். டின்னில் போட்டேன்.

வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் எழுந்து நின்று, "ஒண்ணா?" என்றார். ஒன்றுதான் என்றோம். எத்தனை குண்டு என்று கேட்டார். அதுவும் ஒன்றுதான் என்றதும் தலையாட்டிவிட்டு, போர்வையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.